மூன்று தசம் நாலு

வயிற்று நோவுக்குத்தான் போனேன்.
பித்தப்பையில் கல் தேடினவர்கள்
இடது சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி
என்று எழுதித் தந்தார்கள்.
மூன்று தசம் நாலு சென்டிமீற்றர்.
கல் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த பஸ் டிக்கற்றை மென்றுகொண்டு நின்றது.
என் கடிதத்தையும் நீட்டியிருக்கலாம்.
மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தேன்.

இரவு பவளராணி
'கட்டி' என்ற பாதிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அழுதாள்.
மற்றப் பாதியை, அந்த 'நீர்' என்பதை,
அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை.
ஸ்காபரோவிலிருந்து மச்சான் நவநேசன் சொன்னான்:
"வெட்டி எடுக்கச் சொல்லுங்கோ அத்தான்,
உள்ளுக்க வைச்சிருந்து என்ன காட்சிக்கோ?"
பக்கத்து வீட்டிலிருந்து நீர்முள்ளிக் கசாயம் வந்தது.
குடித்தேன். கசந்தது.
கட்டிக்குக் கசந்ததோ தெரியாது.

நான் சீனக்குடாவில்
எண்ணெய்த் தாங்கிகளுக்குச் சுவர் பார்க்கிறவன்.
இருபத்தாறு வருசம்.
சுத்தியலால் தட்டுவேன், காதை வைப்பேன்,
தகரம் மெலிந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டுத்
திகதி எழுதுவேன்.
காட்டுக்குள் கூரை உக்கிப்போன பழைய தாங்கியொன்றில்
மழைத்தண்ணீர் நிற்கிறது, தவளைகள் குடியிருக்கின்றன.
அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை.
அறிக்கையில் அதற்கு நேரே
ஒவ்வொரு வருசமும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறேன்:
இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
மூதூர்ச் சாலிஹீன் வாங்கில் எனக்கு இடம்விட்டு நகர்ந்தார்.
அவருடையது ஒன்பது.
வலை இழுக்கையில் முதுகுக்குள் யாரோ
முழங்கையால் ஊன்றுகிற மாதிரி இருந்ததாம்.
சலம் இறங்குற குழாயையும் நெரிச்சுப்போட்டுதாம்.
"ஊசி குத்தி அரைப் போத்தல் எடுத்தாங்க தம்பி,
கிணறு மாதிரித் திரும்ப ஊறிச்சு.
ரெண்டாந்தரம் உறிஞ்சிப்போட்டு,
சுவர் ஒட்டுறதுக்கு ஒரு மருந்து விட்டாங்க.
இப்ப நோவில்ல.
ஆனா கடல்ல நிக்கக்குள்ள
கை தன்னால அங்க போகுது."

டொக்டர் திலினி கம்ப்யூட்டரைத் திருப்பினார்.
சாம்பல் நிறத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம்.
"சுவர் மெல்லிசு. உள்ளுக்கு தடுப்பு இல்ல.
சுண்ணாம்பு படியல்ல. சும்மா தண்ணி, ஐயா.
ஐம்பது தாண்டின ஆக்களுக்கு நிறைய வாறது."
முதன்முறையாக ஒரு டொக்டர் பேசியது
எழுத்தெழுத்தாய் விளங்கிற்று.
அது என் தொழிலின் பாசை.

"ரெண்டு பக்கமும் குலைகுலையா இருந்தா வேற கதை.
அப்பாவுக்கு இப்படி இருந்ததா?"
அப்பாவுக்கு இருந்தது கடன்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.

எப்போது பயப்படவேணும், கேட்டேன்.
சுவர் தடித்தால். உள்ளே அறை அறையாய்த் தடுத்தால்.
ஊசியில் ஏற்றுகிற சாயத்தைக் குடித்து வெளுக்கிற
சதை ஏதும் உள்ளே முளைத்திருந்தால்
அப்போது விட்டுவைக்கக் கூடாது,
வெட்டத்தான் வேண்டிவரும்.
நடுக்கத்தோடு காய்ச்சல், சலத்தில் இரத்தம்,
இடுப்புக்கு மேலே விடாத நோவு என்றால்
கிளினிக் நாள் பார்க்காமல் ஓடிவரச் சொன்னார்.

இது?

"இதுக்கு மருந்து இல்ல. தேவையும் இல்ல.
திரும்பப் பார்க்கவே வேண்டியதில்ல.
வீட்டுல பயம் எண்டா ஒரு வருசத்துல வாங்க."

வெறுங்கையோடு திரும்புவது
இவ்வளவு பாரமாயிருக்கும் என்று நினைக்கவில்லை.
ஒரு குளிசையாவது தந்திருந்தால்
பவளராணியின் கையில் வைத்திருப்பேன்.

சோற்றுக்குப் பிறகு
கொப்பியொன்றில் கறுப்பு வட்டம் கீறிக்
கரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.
சுவர். தண்ணீர். தடுப்பு இல்லை.
நெடுநேரம் பார்த்திருந்தாள்.
பிறகு கலண்டரின் கடைசித் தாளைப் புரட்டி
இன்னும் வாங்காத வருசத்துக்கு
ஒரு திகதி எழுதினாள்.

விளக்கணைத்தபின்
என் இடது முதுகில் விரல் மடித்து
மெதுவாய்த் தட்டினாள்.
என்ன கேக்குது, என்றேன்.

"ஒண்டுமில்லை.
அசையாமல் படுங்கோ."